பித்தளைத் தோட்டாக் கூடுகளைக் காட்சிக்குச் செப்பனிடும் முறை

நம் நாட்டுப் பள்ளிக்கூடங்கள் பலவற்றிலும், சிறு பொருட்காட்சி நிலையங்களிலும், முன்னாள் படைவீரர் சங்கங்களின் கூடங்களிலும் பீரங்கித் தோட்டாவின் வெறும் பித்தளைக் கூடு ஒன்று வைக்கப்பட்டிருத்தலைக் காணலாம். பெரும்பாலும் அது ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரோ அவருடைய குடும்பத்தாரோ அன்பளிப்பாக அளித்ததாக இருக்கும். சில இடங்களில் அதுவே பூச்சாடியாகவும் பயன்படுகின்றது. இத்தகைய கூடு நல்ல நிலையில் வந்து சேர்வது அரிது. விளிம்பு நசுங்கியிருக்கும், மேற்பரப்பில் கறுப்பும் பச்சையும் படிந்திருக்கும், வாய்ப்புறத்திலிருந்து கீழ்நோக்கி மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருக்கும்.

இதனைக் கண்டவுடன் புளியிட்டுத் துலக்குவதும், நசுங்கிய இடத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதும், வெடிப்பை ஈயம் வைத்து அடைப்பதும் வழக்கமாக உள்ளன. ஒரு வாரம் கூடு பொன்போல ஒளிர்கின்றது. ஆயினும், ஓரிரு மழைக்காலங்கள் கழிந்தபின் பழைய வெடிப்புகள் நீண்டும், புதியன தோன்றியும் காணப்படுவதுண்டு. நல்லெண்ணத்துடன் செய்த பணியே பொருளின் அழிவை விரைவுபடுத்தி விடுகின்றது. இதற்குக் காரணம் யாது, முறையாகச் செய்வது எங்ஙனம் என்பவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதற்கடமை

எவ்விதச் செப்பனிடும் பணிக்கும் முன்னர் அறிய வேண்டியது, பொருள் வெடிக்கும் தன்மையை முற்றிலும் இழந்ததா என்பதேயாகும். பீரங்கித் தோட்டாவின் கூட்டிற்கு அடியில், நடுவே, பிரைமர் எனப்படும் சிறு எரியூட்டி பொருத்தப்பட்டிருக்கும். பீரங்கியின் ஊசி அதன்மீது மோதும்போது தீப்பொறி எழுந்து, கூட்டிலுள்ள மருந்தைப் பற்றவைக்கின்றது. கூடு வெறுமையாக இருந்தாலும் எரியூட்டி உயிருடன் இருத்தல் கூடும். அதன் முகத்தில் ஊசி பட்ட குழி காணப்படுவது போதிய சான்று ஆகாது. ஊசி பட்டும் எரியாது தவறிய எரியூட்டிகள் உண்டு. பல ஆண்டுகள் ஈரத்தில் கிடந்தமையால் மருந்து செத்துவிட்டது என்று கருதுவதும் தவறு.

கூட்டின் தலையில் குண்டு பொருத்தப்பட்டிருந்தாலோ, உள்ளே தூளோ குச்சிகளோ தங்கியிருந்தாலோ, எரியூட்டியைப் பற்றிச் சிறிது ஐயம் எழுந்தாலோ அதனைத் தொடுதல் ஆகாது. ஆட்களை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்திற்கோ 112 என்ற தொலைபேசி எண்ணிற்கோ தெரிவித்தல் வேண்டும். பீரங்கிப் பயிற்சித் திடல்களுக்கு அருகில் பழைய உலோகம் சேகரிப்போர் வெடிக்காத குண்டுகளைக் கையாண்டு உயிரிழந்த நிகழ்ச்சிகள் நம் நாட்டில் பலமுறை நேர்ந்துள்ளன. மேலும், வெடிமருந்துள்ள தோட்டாக்களை உரிமமின்றி வைத்திருப்பது 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி குற்றமாகும். மாணவன் ஒருவன் வீட்டிலிருந்து இத்தகைய பொருளைக் கொண்டுவர விரும்பினால், எடுத்து வரச் சொல்லாது, இருக்கும் இடத்திலேயே விட்டுத் தகவல் மட்டும் கூறும்படி அறிவுறுத்துவதே நன்று. தகுதியுடையோர் பார்வையிட்டு உயிரற்றது என்று எழுத்து மூலம் சான்று அளித்த கூடுகளுக்கே பின்வரும் முறைகள் பொருந்தும்.

கூடு உருவாகும் விதம்

தோட்டாக் கூடுகள் பெரும்பாலும் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனவை. இக்கலவைக்குத் தோட்டாப் பித்தளை என்றே பெயர் வழங்குகின்றது. குளிர்ந்த நிலையிலேயே இழுத்து நீட்டுவதற்கு இது மிகவும் ஏற்றது. வட்டமான தகடு ஒன்றை முதலில் கிண்ணம் போலாக்கி, அதனை அச்சுகளின் வழியே பலமுறை இழுத்து நீண்ட குழாயாக்குவர். ஒவ்வொரு இழுப்பிலும் உலோகம் கடினமாகி விடுவதால் இடையிடையே சூடாக்கி இளக்குவர்.

எடுத்துக்காட்டாக, இரண்டாம் உலகப் போரின்போது புழக்கத்திற்கு வந்த 25 பவுண்டர் பீரங்கியைக் கூறலாம். இந்திய இராணுவம் இதனை அப்போரிலும், 1947-48, 1965, 1971 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த போர்களிலும் பயன்படுத்தியது. இதன் குழல்வாயின் விட்டம் 87.6 மில்லிமீட்டர், தோட்டாக் கூட்டின் நீளம் 292 மில்லிமீட்டர். குண்டு தனியாகவும், மருந்துப் பைகள் அடங்கிய பித்தளைக் கூடு தனியாகவும் பீரங்கியில் ஏற்றப்பட்டன. ஆகவே, சுட்டபின் கூடு மட்டுமே வெளியே வந்து விழும். காட்சிக்கு வரும் கூடுகளில் இவ்வகையினவும் உண்டு.

இழுத்து நீட்டப்பட்ட உலோகத்தினுள் ஒருவித இழுவிசை தங்கி நிற்கின்றது. வில்லை வளைத்து நாணேற்றி வைத்தாற்போல, வெளியிலிருந்து எவ்வித விசையும் இல்லாதபோதும் உலோகம் தனக்குள்ளேயே இறுக்கமுற்றிருக்கும். கண்ணுக்குப் புலப்படாத இவ்விறுக்கமே பின்னர் நேரும் வெடிப்புகளுக்கு அடிப்படையாகும். கூடு நசுங்கினாலும், நசுங்கியதை மீண்டும் தட்டி நிமிர்த்தினாலும், அவ்விடத்தில் புதிய இறுக்கம் சேர்கின்றது.

மழைக்கால வெடிப்பு

இந்த உண்மை வெளியானதற்கும் நம் நாட்டிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இந்தியாவிலிருந்த படைகளின் துப்பாக்கித் தோட்டாக்கள், மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்க்கும்போது வெடித்திருப்பது கண்டறியப்பட்டது. குண்டு இறுக்கிப் பொருத்தப்பட்ட கழுத்துப் பகுதியிலேயே வெடிப்புகள் மிகுதியாக இருந்தன. குறிப்பிட்ட பருவத்தில் நேர்ந்தமையால் இதற்குச் சீசன் கிராக்கிங், அதாவது பருவ வெடிப்பு, என்று பெயரிட்டனர்.

மழை மாதங்களில் தோட்டாக்கள் குதிரை லாயங்களில் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. குதிரைகளின் சிறுநீர் சிதைவதால் அம்மோனியா வாயு உண்டாகின்றது. ஈரமான காற்றில் இவ்வாயு செம்புடன் சேர்ந்து, நீரில் கரையக்கூடிய கூட்டுப் பொருள்களைத் தோற்றுவிக்கின்றது. இச்செயல் பரப்பு முழுவதையும் சீராக அரிப்பதில்லை. உள்ளிறுக்கம் மிகுந்த இடங்களில், உலோகத்தின் நுண்மணிகள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளின் வழியே ஊடுருவிச் செல்கின்றது. சற்றே பிளந்த இடம் இழுவிசையால் மேலும் திறக்கின்றது. திறந்த இடத்தில் அம்மோனியா மேலும் புகுகின்றது. இவ்வாறு, பார்வைக்கு அரிப்பு ஏதுமில்லாத கூடு திடீரெனப் பிளந்து விடுகின்றது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை இவ்விளக்கத்தை நிலைநாட்டியது.

ஆகவே, வெடிப்பு உண்டாவதற்கு மூன்று பொருள்கள் ஒன்றுசேர வேண்டும்: இறுக்கமுற்ற பித்தளை, அம்மோனியா, ஈரம். தொழிற்சாலைகளில் புதிய கூடுகளை ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேடு வரை மிதமாகச் சூடாக்கி உள்ளிறுக்கத்தைத் தளர்த்துவது இதற்குப் பரிகாரமாகும். காட்சிப் பொருளுக்கு இம்முறை ஏற்றதன்று. சூடாக்கினால் பழைய மேற்பரப்பு மாறிவிடும். எங்கேனும் மருந்து தங்கியிருந்தால் விபத்தும் நேரும். எனவே, காட்சிப் பொருளில் புதிய இறுக்கம் சேராது காப்பதும், அம்மோனியாவையும் ஈரத்தையும் அணுகவிடாது தடுப்பதுமே செய்யத்தக்கவை. செப்பனிடும் முறைகள் அனைத்தும் இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன.

தவிர்க்க வேண்டியவை

முதலாவது, சுத்தியலால் தட்டி நிமிர்த்துதல். இதனால் இறுக்கம் கூடுகின்றது என்பது மேலே கூறப்பட்டது. முன்னரே மயிரிழை வெடிப்பு இருக்குமாயின் ஒரே அடியில் கூடு பிளந்து விடும். நசுங்கல் பொருளின் வரலாற்றின் ஒரு பகுதி; அதனை அப்படியே விடுவது குறையாகாது.

இரண்டாவது, புளி, எலுமிச்சை முதலிய அமிலப் பொருள்கள். வீட்டுப் பாத்திரங்களை இவை பளபளப்பாக்குவதை யாவரும் அறிவர். ஆனால், அமிலத்தில் நெடுநேரம் ஊறிய பித்தளை இளஞ்சிவப்பு நிறம் கொள்வதையும் இல்லத்தார் கண்டிருப்பர். துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேற, மேற்பரப்பில் செம்பு மிகுதியாகத் தங்குவதே இதற்குக் காரணம். மேலும், வெடிப்புகளுக்குள் புகுந்த அமிலத்தை முழுவதும் கழுவி எடுத்தல் இயலாது.

மூன்றாவது, கடைகளில் விற்கும் மெருகுத் திரவங்கள். இவற்றுள் சிலவற்றில் அம்மோனியா கலந்துள்ளது. மெருகிட வேண்டும் என்று கருதி, எது கூட்டைப் பிளந்ததோ அதனையே துணியில் நனைத்துப் பூசுவதாக முடிகின்றது. கண்ணாடி துடைக்கும் திரவங்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

நான்காவது, ஈயம் வைத்து அடைத்தல். கலாய் பூசுவோர் உலோகத்தைத் துப்புரவாக்க நவச்சாரத்தைத் தூவுவர். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. அது சூட்டில் அம்மோனியாவை வெளியிடுவதோடு, குளோரைடு உப்பையும் உலோகத்தின் மீது விட்டுச் செல்கின்றது. இந்த உப்பே, பின்னர் கூறப்படும் பச்சை நோய்க்கு வித்தாகும்.

ஐந்தாவது, மணல், சாம்பல், உப்புத்தாள், சுழலும் மெருகுச் சக்கரம் ஆகியவற்றால் தேய்த்தல். கூட்டின் அடித்தட்டில் பீரங்கியின் வகை, தயாரித்த தொழிற்சாலையின் அடையாளம், ஆண்டு, தொகுதி எண் முதலியவை முத்திரையிடப்பட்டிருக்கும். சில கூடுகளில் படைவீரர் ஆணியால் கீறிய பெயரோ, ஊரோ, தேதியோ இருக்கும். இவையே ஒரு கூட்டை ஆயிரக்கணக்கான பிற கூடுகளிலிருந்து வேறுபடுத்துகின்றன. இவை தேய்ந்து மறைந்துவிட்டால், எஞ்சுவது பழைய பித்தளையேயன்றி வரலாற்றுச் சான்று அன்று. ஒரு குடும்பம் தன் மகனின் நினைவாகக் கொடுத்த பொருளிலிருந்து அவன் கைப்பட எழுதிய பெயரை அழித்துவிட்டுப் பளபளப்பைத் திருப்பித் தருவது பெரும் இழப்பாகும்.

செய்முறை

1. பதிவு செய்தல். கூட்டை எல்லாப் பக்கங்களிலிருந்தும் நிழற்படம் எடுத்தல் வேண்டும். உயரம், விட்டம், எடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடித்தட்டு முத்திரைகளின்மீது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மென்மையாகத் தேய்த்தால் எழுத்துகள் தாளில் தெளிவாகப் பதியும். ஒவ்வொரு வெடிப்பின் நீளத்தையும், அது முடியும் இடத்தையும் வரைபடத்தில் குறித்தல் மிகவும் அவசியம். ஓராண்டு கழித்து வெடிப்பு வளர்ந்துள்ளதா என்று அறிய இதுவே வழி.

2. தூசியகற்றல். மென்மையான தூரிகையால் தூசியை நீக்கிய பின், எத்தில் ஆல்கஹால் நனைத்த பஞ்சினால் எண்ணெய்ப் பசையையும் கைரேகைகளையும் துடைக்கலாம். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். அருகில் நெருப்பு இருத்தலாகாது. கையுறை அணிந்தே பொருளைத் தொட வேண்டும். வியர்வையில் உப்பு உண்டு.

3. பச்சைப் படிவை ஆராய்தல். எல்லாப் பச்சையும் தீங்கானதன்று. கெட்டியாகவும் வழவழப்பாகவும் ஒட்டியுள்ள கரும்பச்சை உலோகத்திற்கு ஓரளவு காப்பாகவே அமைகின்றது. வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல உதிர்வது குளோரைடு உப்பினால் உண்டாகும் நோயைக் குறிக்கும். ஐயம் தீர, உதிரும் தூளைத் துடைத்துவிட்டு, கூட்டை ஒரு மூடிய பெட்டியில் சிறு கிண்ணம் தண்ணீருடன் ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் பொருளின்மேல் படலாகாது. வெளிர்பச்சைப் புள்ளிகள் மீண்டும் எழுமாயின் நோய் உள்ளது. அதற்குப் பென்சோடிரையசோல் என்னும் மருந்தை ஆல்கஹாலில் கரைத்துப் பயன்படுத்துவர். அது உடலுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது. பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையின் இரசாயனப் பிரிவு 1917இல் தொடங்கப்பெற்றது. அதன் அறிவியல் பிரிவு டேராடூனில் அமைந்துள்ளது. 1976இல் லக்னோவில் நிறுவப்பெற்ற பண்பாட்டுச் சொத்துகள் பாதுகாப்பிற்கான தேசிய ஆராய்ச்சிக்கூடமும் இத்துறையில் ஆராய்ச்சியும் பயிற்சியும் நடத்தி வருகின்றது.

4. மிதமான துலக்கல். கறுப்பு மிகுந்து முத்திரைகளைப் படிக்க இயலாதபோது மட்டும், வீழ்படிவாக எடுத்த நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூளை ஆல்கஹாலும் வாலைவடி நீரும் கலந்து குழைத்து, பஞ்சினால் மெதுவாகத் தடவலாம். முதலில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் சோதித்தல் வேண்டும். முத்திரைகளின்மீதும் கீறல் எழுத்துகளின்மீதும் அழுத்தித் தேய்க்கலாகாது. பின்னர் ஆல்கஹாலால் துடைத்து நன்கு உலர்த்த வேண்டும். புதுப் பித்தளையின் ஒளி வரும்வரை தேய்ப்பது நோக்கமன்று.

5. வெடிப்புக்குத் தாங்கல். பிளந்த பக்கங்களை ஒன்றுசேர்க்க இழுக்கவோ நெருக்கவோ கூடாது. பக்கங்கள் விலகி நிற்பது உள்ளிறுக்கம் தளர்ந்ததன் அடையாளம். திரும்ப நெருக்கினால் இறுக்கம் மீளும். கூட்டின் உட்புறத்தில் மெல்லிய துணிப்பட்டை ஒன்றைப் பாரலாய்டு பி-72 என்னும் பிசினால் ஒட்டினால் போதுமான தாங்கல் கிடைக்கும். இப்பிசின் அசிட்டோனில் கரையக்கூடியது. பிற்காலத்தில் மேலான முறை தோன்றினால், கேடின்றி இதனை நீக்கிவிடலாம். செய்ததைத் திரும்ப நீக்க இயல வேண்டும் என்பது பாதுகாப்புக் கலையின் அடிப்படை விதியாகும்.

6. மேற்பூச்சு. அதே பிசினின் நீர்த்த கரைசலையோ, நுண்படிக மெழுகையோ மெல்லிய படலமாகப் பூசலாம். இது ஈரத்தையும் விரல் படுவதையும் தடுக்க உதவும். ஆயினும், அம்மோனியாவை முற்றிலும் தடுக்கும் கவசம் என்று இதனை நம்பலாகாது.

வைக்கும் இடம்

செப்பனிட்ட பொருளை எங்கே வைப்பது என்பது செப்பனிடுதலைப் போலவே முக்கியமானது. பள்ளிகளில் இடவசதி கருதி இரசாயனக் கூடத்தின் அலமாரியில் காட்சிப் பொருள்களை வைப்பதுண்டு. அம்மோனியா புட்டி உள்ள அறையில் பித்தளைக் கூட்டை வைத்தல், அன்று லாயத்தில் தோட்டாக்களை வைத்ததற்கு ஒப்பாகும். கழிவறை, மாட்டுத்தொழுவம், கோழிப்பண்ணை, யூரியா முதலிய உரங்கள் அடுக்கிய கிடங்கு ஆகியவற்றின் அருகாமையும் தவிர்க்கத்தக்கது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது நலம். பெட்டியில் சிலிக்கா ஜெல் வைத்து ஈரத்தைக் குறைக்கலாம். அது ஈரம் ஏற்றபின் எடுத்து உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். கம்பளித் துணியும் ரப்பரும் கந்தகச் சேர்மங்களை வெளியிட்டு உலோகத்தைக் கறுக்கச் செய்யும்; சிலவகைப் பச்சை மரங்கள் அமில ஆவியை விடும். ஆதலின், கூட்டைப் பாலிஎதிலீன் நுரைத் தகட்டின்மீது நிறுத்துதல் ஏற்றது. பூச்சாடியாகத் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இக்கருத்தை மாணவர்க்கு விளக்க ஆசிரியர் எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டலாம். இதற்குத் தோட்டாக் கூடு எதையும் பயன்படுத்தலாகாது. கடையில் கிடைக்கும் பித்தளைத் தகடு போதும். ஒரே தகட்டிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டுக. ஒன்றை வளைத்து இரு முனைகளையும் நைலான் நூலால் இறுகக் கட்டுக. மற்றொன்றைச் சூடாக்கி ஆறவிட்டு நேராகவே வைத்துக்கொள்க. இரண்டையும் மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் தொங்கவிட்டு, அடியில் சிறிது அம்மோனியாக் கரைசலை ஊற்றி மூடுக. சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வளைத்துக் கட்டிய துண்டு வெடித்தலும், மற்றது நிறம் மாறினும் வெடிக்காதிருத்தலும் காணலாம். சாடியை ஆசிரியரே திறந்த வெளியில் கையாள வேண்டும். அவ்வாயு கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு தரும்.

பெயர்ப்பலகை

காட்சிப் பொருளுடன் ஒரு சிறு குறிப்பும் இருத்தல் வேண்டும். எப்பீரங்கியின் கூடு, முத்திரையில் காணும் ஆண்டு யாது, யார் அளித்தது, உயிரற்றது என்று எப்போது சான்று பெறப்பட்டது, எவ்விடத்தில் என்ன செப்பனிடப்பட்டது ஆகியவற்றை அதில் குறிக்க வேண்டும். முத்திரையில் உள்ள ஆண்டு கூடு தயாரிக்கப்பட்ட ஆண்டேயாகும். அது சுடப்பட்ட போரின் ஆண்டு என்று கொள்ளலாகாது. சான்றில்லாத வீரக்கதைகளைச் சேர்ப்பது, தேய்த்து முத்திரையை அழிப்பதற்கு ஒப்பான தவறு.

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்தவுடன், பெட்டியைத் திறந்து வெடிப்புகளைப் பழைய வரைபடத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. வெடிப்பு வளராதிருக்குமாயின் பணி செவ்வனே நடந்தது என்று கொள்ளலாம். கூடு நசுங்கியும் நிறம் மங்கியும் இருக்கலாம். அதன் முத்திரையும், அதில் கீறப்பட்ட பெயரும், பிளவுற்ற விளிம்பும் அடுத்த தலைமுறை மாணவர் படித்தறியும் நிலையில் இருத்தலே வேண்டுவது.